விரத நாளில் பூண்டு வாடை

சஷ்டி விரதத்தின் முதல் நாள் சாயங்காலம் என் மகள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் வாயில் பூண்டு வாடை அடித்தது. அந்த ஆறு நாளும் எங்கள் வீட்டு அடுக்களைக்குள் பூண்டும் வெங்காயமும் வராது. நான் பாலும் பழமுமாகத் தாலுகா ஆபீஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். இவளால் வாயைக் கட்ட முடியவில்லையே என்று எரிச்சல் வந்தது.

“ஏட்டி, பூண்டு தின்னியா?”

“லேப்ல மேலப்பாளையத்துக்காரி ஊறுகாய் கொண்டாந்தாம்மா. ஒரே ஒரு பல்லுதான் எடுத்தேன்.”

“ஒரு பல்லுக்கா இந்த வாடை? சாமி ரூம் பக்கம் போயிராத.”

“ஆமா, முருகனுக்கு ஆறு மூக்குல்லா. பாவம்.”

சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள். மறுநாளும் அதே வாடை. தின்னவே இல்லை என்றாள். நான் அவள் டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். துப்பட்டாவையும் விடவில்லை. “செய்யுததையும் செஞ்சிட்டு பொய் வேற சொல்லுதியா” என்று கத்தினேன். தலை வலிக்கிறது, தொண்டை எரிகிறது என்றாள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்றால் வேறென்ன வரும் என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் அவளை உப்பு போட்டு இரண்டு தடவை பல் விளக்க வைத்தேன். இருபத்தாறு வயதுப் பெண்ணை, குழாயடியில் பக்கத்தில் நின்று.

“எம்மா, இப்பவும் அடிக்கா?”

“அடிக்கு.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலியே. கிட்ட வந்து மோந்து பாரு.”

கேலி செய்கிறாள் என்று நினைத்துத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எம்மா, இது பூண்டு இல்ல. செலினியம்.”

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வளர்ப்பது ஒரு படிகம். நீளமான குவார்ட்ஸ் குழாயை உலைக்குள் வைத்து, ஒரு படகு போன்ற சின்னத் தட்டில் டங்ஸ்டன் ஆக்சைடு, இன்னொன்றில் செலினியப் பொடி வைத்துச் சூடாக்குவார்கள். ஆர்கானும் ஹைட்ரஜனும் குழாய் வழியே ஓட, இரண்டு பொடிகளின் ஆவியும் சேர்ந்து ஒரு சிலிக்கான் சில்லின்மேல் முக்கோணம் முக்கோணமாகப் படியும். ஒவ்வொரு முக்கோணமும் மூன்று அணு தடிமன்தான். நாளைய கம்ப்யூட்டர் சிப் எல்லாம் இதில்தான் வரும் என்று முன்பு அவள் போனில் படம் காட்டியபோது நானும் பெருமைப்பட்டேன். மிஞ்சுகிற வாயு எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அது விஷ வாயு. ஒரு காரக் கரைசல் வழியாகப் போய், புகையை இழுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் சேர்ந்து, மொட்டைமாடிக் குழாயில் வெளியேற வேண்டும். அந்தக் கூண்டின் மோட்டார் தீபாவளிக்கு முன்பே எரிந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். மாற்றும்வரை வேலையை நிறுத்தவில்லை. ரப்பர் குழாயைச் சன்னல் வழியாக வெளியே தொங்கவிட்டிருக்கிறார்கள்! மழை பிடித்ததும், சாரல் பட்டு உலை கெட்டுவிடுமே என்று யாரோ அந்தக் குழாயை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுச் சன்னலை அடைத்துவிட்டார்கள். உலை நனையவில்லை. கருவிகளுக்குப் பின்னால் கிடந்த குழாயை இவள் பார்க்கவில்லை. மூன்று நாள் அந்த அறைக்குள் நின்று மூச்சு விட்டிருக்கிறாள். செலினியம் உடம்புக்குள் போனால் மூச்சில் பூண்டு வாடை வரும் என்று அவள் படித்திருக்கிறாள். முதல் நாள் ஊறுகாயும், அடுத்த இரண்டு நாள் என் கத்தலும் அதை நினைக்கவிடவில்லை.

எங்கள் தெரு டாக்டரிடம் ஓடினோம். “கேஸ் பட்டிருச்சு டாக்டர்” என்றாள். அவர் முழுதாகக் கேட்காமல் வயிற்றை அமுக்கிப் பார்த்து, வெறும் வயிற்றில் போட மாத்திரை எழுதினார். “விரதம் இருக்கீங்களோ? புளி, காரம் கொறைங்க” என்றார். அந்தச் சீட்டை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐந்து நாள் மூக்கில் ஆக்சிஜன். சூரசம்ஹாரத்தன்று நான் வார்டு வராந்தாவில் இருந்தேன். விரதம் எந்த நேரத்தில் முறிந்தது என்று எனக்கே தெரியாது.

வீடு திரும்பிய மறுநாள் அவளுடைய பிஎச்.டி. கைடு எனக்குப் போன் செய்தார். குரலில் தேன். “ஒங்க பொண்ணு ரொம்பத் திறமைசாலி மேடம். கடிதம் கொடுத்தது நல்லதாப் போச்சு. இனி யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

எந்தக் கடிதம்? மகள் தன் போனை நீட்டினாள். ‘பாதுகாப்பு விதிகள் எனக்கு முன்பே விளக்கப்பட்டிருந்தும், என்னுடைய கவனக்குறைவால்’ என்று தொடங்கியது. இருபது வருடமாக மனுக்களைப் பிரித்து அடுக்குகிறவள் நான். எந்த வரி யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதில் மோட்டார் இல்லை. சன்னல் இல்லை. கீழே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவள் போட்ட கையெழுத்து மட்டும் இருந்தது.

“யாரு எழுதிக் கொடுத்ததுட்டி இத?”

“அவருதான் அனுப்பினாரு. இன்னும் ஒரு வருசம் இருக்கும்மா. தீசிஸ்ல அவரு கையெழுத்து வேணும்.”

“அதுக்காவ செய்யாத தப்ப ஒத்துக்கிடுவியா?”

“நீ ஏசினப்பவும் ஒத்துக்கிட்டேன்லா. ஒரு பல்லுக்கு இவ்வளவு வாடையான்னு கேட்ட. ஆமான்னு குளிக்கப் போனேன். சண்டை முடிஞ்சுச்சு.”

எனக்கு அந்த ஆள்மேல் இருந்த கோபம் அப்படியே என் பக்கம் திரும்பியது. அது இன்னும் அடங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் திரும்பவும் வேலைக்குக் கிளம்பினாள். இருமல் நிற்கவில்லை. லீவு போட்டுவிட்டு நானும் கூடவே போனேன். “நீ வந்து என்ன செய்யப் போற?” என்று பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டாள். எனக்கும் தெரியாது.

கைடு எங்களை லேப் வாசலிலேயே பார்த்துவிட்டார். “மேடம், நீங்க இங்கன நிக்கக்கூடாது. வெளியாளுக்கு அனுமதி இல்ல. பாதுகாப்பு விதி.”

சிரிப்புதான் வந்தது. அழுகை மாதிரி ஒரு சிரிப்பு.

“மோட்டார் மாத்தியாச்சா?” என்று கேட்டேன்.

“பழசயே சரி பண்ணி ஓட விட்டிருக்கோம். சத்தம் கேக்குல்லா?”

சத்தம் கேட்டது. மகள் உள்ளே போய் ஒரு டிஷ்யூ காகிதத்தை நீளமாகக் கிழித்து, கண்ணாடிக் கூண்டின் வாயில் பிடித்தாள். காற்றை உள்ளே இழுத்தால் அது உள்பக்கம் சாய வேண்டும். நேராகத் தொங்கியது.

“லேசா ஆடுதே” என்றார்.

“அது என் கை ஆடுது சார்.”

காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, தன் கடிதத்தைத் திருப்பித் தரச் சொன்னாள். மேலே அனுப்பியாகிவிட்டது என்றார்.

“அப்ப இன்னொண்ணு எழுதித் தாரேன்.”

நேரே அவர் அறைக்குப் போனாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். மேசைமேல் இருந்த வெள்ளைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். முதல் வரியில் மோட்டாரை எழுதினாள், அடுத்ததில் சன்னலை. பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“எம்மா, வாடை அடிச்ச மொதல் நாள் என்ன கிழமை?”

சொன்னேன். கைடு நின்றுகொண்டே இருந்தார். அவரை உட்காரச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.