பம்பாயில் கூப்பிட்ட பேர்

பாலம் தாண்டிப் பாம்பன் ஸ்டேஷனில் வந்து நிற்கிற ரயிலில், வடக்கத்தி யாத்திரைக்காரர்கள் கடலைப் பார்க்க வெளியே நீட்டிய தலையை இன்னும் உள்ளே இழுத்திருக்க மாட்டார்கள். அதற்குள் எவனாவது ஒருத்தன் கண்டுபிடித்துவிடுவான். "அரே, மதராசி!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பெட்டி முழுக்கச் சிரிப்பு. பிளாட்பாரத்தில் தட்டு நிறையத் தேத்தண்ணி கிளாஸோடு நிற்கிற ஒல்லி மனுஷனை விழச் சொல்லிக் கேட்பார்கள். அலியாரும் விழுவார். கால் இடறி, இடுப்பு மடங்கி, ஆள் தரையில் கிடப்பார். கையிலிருக்கிற தட்டு மட்டும் நேராக நிற்கும். ஒரு சொட்டுச் சிந்தாது. கைதட்டி, தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, ராமேஸ்வரம் போய்ப் பாவத்தைத் தொலைப்பார்கள். அறுபதுகளில் இது தினப்படி நடந்த கூத்து.

ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போனது. அவர்கள் சிரித்தது வேறொன்றுக்கு. அலியார் தன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'இந்தா' என்பார், அதோடு சரி. வீட்டில் பேரென்ன என்று யாராவது கேட்டால்கூட மோட்டுவளையைப் பார்ப்பார். "பொண்டாட்டி பேரைச் சொல்ல இம்புட்டு வெக்கமா வே?" என்று வயசாளிகள் கேலி பண்ணுவார்கள். வெட்கமாவது மண்ணாவது! இந்துஸ்தானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பேரை உரக்கக் கூப்பிட்ட ஆள் அவர். அது எப்படி நின்றுபோனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அலியாருக்கு ஆதியில் தோணியில் வேலை. பாம்பனிலிருந்து கொழும்புக்குக் கருவாடு ஏற்றிப் போகிற தோணியில் சமையல் ஆள். அலையில் தோணி இந்தப் பக்கம் சாய்ந்தால் உடம்பு அந்தப் பக்கம் சாய வேண்டும். கையிலிருக்கிற கஞ்சிச் சட்டி எந்தப் பக்கமும் சாயக்கூடாது. சாய்ந்தால் தோணித் தலைவன் வாயிலிருந்து வருகிறதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. சுதந்திரம் வந்த வருஷம் குல்சுமை அவருக்கு நிக்காஹ் செய்து வைத்தார்கள். நாலு மாசம் அவளோடு இருந்திருப்பார். தோணி யாவாரம் படுத்துக்கொண்டது. பம்பாயில் சாயாக்கடை வைத்திருந்த சொந்தக்காரர் சீனி முகம்மது ஆள் வேணுமென்று சொல்லி அனுப்ப, கிளம்பிவிட்டார். குல்சும் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று, "நோன்புப் பெருநாளைக்கு வந்திருவீகளா?" என்று கேட்டாள்.

"வந்துர்றேன் குல்சும்," என்றார். அந்தப் பெருநாளைக்கும் வரவில்லை, அதற்கடுத்ததுக்கும் வரவில்லை.

என்ன ஆயிற்று என்றால், கடைக்குப் பக்கத்தில் ஒரு சினிமா ஸ்டுடியோ இருந்தது. அங்கே சாயா கொண்டுபோனபோது தரையில் கிடந்த வயரில் கால் சிக்கி விழுந்தார். தோணியில் வளர்ந்த உடம்பில்லையா, ஆள் விழுந்தாலும் தட்டு விழவில்லை. அங்கிருந்த நடிகர், விளக்குப் பிடிக்கிறவன், முதலாளி அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி விழச் சொன்னார்கள். விழுந்தார். கேமராவுக்கு முன்னால் விழச் சொன்னார்கள். விழுந்தார். அப்புறம் வருஷக்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தார். கதாநாயகன் அறைந்து விழுவார், குதிரை உதைத்து விழுவார், ஒன்றுமே இல்லாமலும் விழுவார். படத்தில் எழுத்துப் போடும்போது அவர் பேர் 'மதராசி' என்றுதான் வரும். அலியார் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

மாசம் தவறாமல் வீட்டுக்கு மணியார்டர் போனது. ஆள்தான் போகவில்லை. இடையில் ரெண்டு தரம் வந்து நாலைந்து நாள் தங்கினார். அதிலும் பாதிப் பொழுது ஊர் சனம் மூஞ்சியைக் கோணிக் காட்டச் சொல்லியே தின்றுவிட்டது.

பம்பாயில் அவரைப் பார்த்ததுமே சிரிப்பார்கள். ஒரு தடவை காய்ச்சலில் படுத்தவர், தலை வலிக்கிறது என்று உடைந்த இந்தியில் சொன்னார். அறையில் கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நிஜமாகவே வலிக்கிறது என்றார். இன்னும் சிரித்தார்கள். அதற்கப்புறம் மனுஷன் வலியை வெளியே சொல்வதையே விட்டுவிட்டார். சாயந்தரத்தில் கடற்கரையில் போய் உட்காருவார். பாம்பனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். அங்கே ஒரே பக்கம்தான். அதைப் பார்த்துக்கொண்டு, கேட்க ஆள் இல்லாத இடத்தில், தமிழில் ரெண்டு வார்த்தை பேசிக்கொள்வார்.

அப்படியிருக்கையில் ஒரு படத்தில் அவருக்கு ஒரு சம்சாரத்தைக் கொடுத்தார்கள். நல்ல பெருத்த நடிகை. அவளைக் கூப்பிட ஏதாவது ஒரு பேர் வைத்துக்கொள் என்றார் டைரக்டர். யோசிக்கவே இல்லை, "குல்சும்," என்று வந்துவிட்டது. உரக்கக் கூப்பிட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இளகின மாதிரி இருந்ததாம். அதிலிருந்து எந்தப் படமானாலும் தன் ஜோடிக்கு அந்தப் பேரையே கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் ஸ்டுடியோவுக்குப் போவது குல்சுமைக் கூப்பிடத்தான் என்று ஆகிப்போயிற்று. அது யார் பேர் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

வினை அங்கேதான் இருந்தது. ஒரு படத்தில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. பாலைப் பூனை குடித்ததற்காக அவன் மூணு தலாக் சொல்கிறான், அவள் கரண்டியால் அடிக்கிறாள், சனம் சிரிக்க வேண்டும். மூணு தரம் சொன்னால் நிக்காஹே முறிந்துபோகிற அந்த வார்த்தையைக் குல்சும் பேரோடு சொல்ல அலியாருக்கு மனசு வரவில்லை. டைரக்டரிடம் போய்ப் பேரை மாற்றிக்கொள்ளலாமா என்று கெஞ்சினார். பாதிப் படம் அந்தப் பேரைச் சொல்லி எடுத்தாகிவிட்டதே, இப்போது மாற்றினால் எப்படி என்றார் அவர். "ஏன், உன் காதலியா?" என்று எவனோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அலியார் போய்க் கேமரா முன்னால் நின்றார்.

முதல் தலாக்கை மீசையை முறுக்கிச் சொன்னார். ரெண்டாவதைக் கரண்டியைப் பார்த்து நடுங்கிக்கொண்டே சொன்னார். மூணாவதுக்கு வாயைத் திறந்தபோது எதிரே நின்ற நடிகை கண்ணிலிருந்து மறைந்துபோனாள். கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றவள்தான் தெரிந்தாள். "குல்சும்," என்றதும் குரல் உடைந்து கண் பொலபொலவென்று கொட்டியது. அழுதுகொண்டே சொல்லி முடித்தார். ஸ்டுடியோவே உருண்டு சிரித்தது. கோமாளி அழுதால் இன்னும் சிரிப்பு வருகிறது என்று டைரக்டர் முதுகில் தட்டினார்.

அந்தப் படம் கொழும்புக்குப் போனது. குல்சுமின் காக்கா, அதாவது அண்ணன், ஹாஜா முகைதீனுக்குக் கொழும்பில் யாவாரம். நல்ல மனுஷர், மார்க்கப் பற்றுள்ளவர். சினிமாப் பக்கமே போகாதவரை யாவாரச் சிநேகிதர்கள், 'உங்க மச்சான் படமாச்சே' என்று இழுத்துப்போனார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தலாக்கோடு தங்கச்சி பேரைக் கேட்டதும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அடுத்த கப்பலில் ஊர் வந்து தங்கச்சியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அலியாருக்கு உடனே புறப்பட்டு வரச் சொல்லித் தந்தி பறந்தது.

யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று பதறி வந்தார் அலியார். வீட்டில் பூட்டுத் தொங்கியது. வாசல்படியில் உட்கார்ந்திருந்தவரிடம் பக்கத்து வீட்டு ராமலெட்சுமி, ரயில்வே கேங்மேன் சம்சாரம், விஷயத்தைச் சொன்னாள். "ஏண்ணே, வெளையாட்டுக்குக்கூட இப்பிடிச் சொல்லுவாகளா?" என்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டுக்கும் குல்சுமுக்கும் என்றுதானே இத்தனை வருஷம் விழுந்து எழுந்தது. இவள் இல்லையென்று ஆனால் எழுந்திருக்கிறதுக்குக் காரணமே இல்லை.

மறுநாள் ஹாஜா முகைதீன் வீட்டுக்கு ஆலிம்சா வந்தார். மார்க்கம் படித்த பெரியவர், அதிர்ந்து பேசாதவர். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் குல்சும் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி," என்றார் ஆலிம்சா, "யாரோ எழுதிக் கொடுத்ததை நீர் ஒப்பிச்சீர். அது தலாக் ஆகாது. வேற பேரா இருந்தா நான் இங்கன வந்தே இருக்க மாட்டேன். ஆனா வெளையாட்டுன்னு தள்ளிற முடியாத வார்த்தை இது. சொல்றப்ப உம்ம பொஞ்சாதியை மனசுல வச்சுச் சொன்னீரா, இல்ல அந்த நடிகையை நெனச்சா? இவளை நெனச்சுச் சொல்லியிருந்தா உறவு முறிஞ்சுபோச்சு. நெனைக்கலைன்னா இப்பவே கூட்டிக்கிட்டுப் போகலாம். சத்தியம் கேக்கலை. நீர் சொல்றது உமக்கும் மேல இருக்கிற ரப்புக்கும் நடுவுல."

அலியார் திரைச்சீலையைப் பார்த்தார். உண்மை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது நெஞ்சு நிறைய இருந்தது. அதைச் சொன்னால் திரைக்குப் பின்னால் இருக்கிறவள் அந்த நிமிஷமே அந்நியமாகிவிடுவாள்.

"நெனைக்கலை," என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும். ஒரு தடவைகூட?"

"இல்லை ஆலிம்சா. இவ ஞாபகமே வரலை."

ஹாஜா முகைதீனுக்கு ஆறவில்லை. "அப்ப அந்தப் பேரு எப்படி மச்சான் வந்துச்சு?"

"வாய்க்கு வந்த பேரு மச்சான். அந்தப் பக்கம் ஊருக்கு நாலு குல்சும் இருப்பாக."

ஆலிம்சா துஆ ஓதிவிட்டு எழுந்துபோனார். உறவு நிலைத்தது.

குல்சும் வீட்டுக்கு வந்தாள். சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பம்பாய்க்குத் திரும்பிப் போகிற எண்ணமே அலியாருக்கு வரவில்லை. விட்டுப் போனால் இவளும் போய்விடுவாள் என்ற பயம். ஸ்டேஷனில் தேத்தண்ணி விற்க ஆரம்பித்தார். ஒருநாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினபோது அவள் தூணைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க வரலைங்கிறதுகூட எனக்குப் பெரிசாத் தெரியலை. நெனச்சுக்கிட்டாச்சும் இருக்கீகன்னு நம்பி இருந்தேன்."

அலியார் வாயைத் திறந்தார். சொல்லிவிட ஒரு நொடி ஆகாது. சொன்ன மறு நொடி அவள் தன்னுடையவள் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பாவி மனுஷன், பழக்க தோஷத்தில் மூஞ்சியைக் கோணிக் காட்டினார். லட்சம் பேரைச் சிரிக்க வைத்த கோணல். குல்சும் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ரயில் வந்து போனதுகூடத் தெரியாமல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பாம்பன் மணலில் கூடாரம் போட்டிருந்த டூரிங் டாக்கீஸ்காரன் எங்கேயோ தேடிப் பிடித்து அந்தப் படத்தைக் கொண்டுவந்தான். உள்ளூர் ஆள் நடித்த படம், சும்மா விடுவானா? ஊரே திரண்டது. "நானும் வாரேன்," என்று குல்சும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ராமலெட்சுமியோடு முதல் ஆட்டத்துக்குக் கிளம்பினாள். சினிமாவே பார்த்திராதவள். தடுக்க அலியாருக்கு நாக்கு எழவில்லை.

வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். கடல் காற்றில் கூடாரத்துச் சத்தம் அத்தனையும் வந்தது. அவர் விழுகிற சத்தம், சனத்தின் சிரிப்பு, மறுபடி விழுகிற சத்தம். அப்புறம் பூனை கத்தியது. ஸ்பீக்கரில் அவர் குரல் ஒரு தரம் சொன்னது. ரெண்டாம் தரம் சொன்னது. பிறகு, "குல்சும்," என்று உடைந்தது. மொத்த ஊரும் கொல்லென்று சிரித்தது, கரையில் படுத்திருந்த நாயெல்லாம் குரைத்தது. அவள் அந்த மூஞ்சியைப் பார்த்திருப்பாள். ஊரை ஏமாற்றலாம், ஆலிம்சாவை ஏமாற்றலாம், அவளை ஏமாற்ற முடியாது. வந்ததும் அண்ணனுக்கு ஆள் அனுப்பப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

குல்சும் வந்தாள். துப்பட்டியை மடித்துக் கொடியில் போட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"எல்லாரும் சிரிச்சாக," என்றாள். "ராமலெட்சுமிக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. என் கண்ணுல வந்ததும் அதுதான்னு நெனச்சுக்கிட்டா."

அலியார் எழுந்து நின்றார். "நான் ஆலிம்சாட்ட..."

"ஒண்ணும் சொல்லாதீக." கிட்டே வந்து அவர் வாயைப் பொத்தாத குறையாக நின்றாள். "ஆலிம்சாட்ட என்ன சொன்னீகளோ, அதான். மாத்திறாதீக. யாரு கேட்டாலும் அதையே சொல்லணும். நானே கேட்டாலும்."

அலியார் தலையை ஆட்டினார்.

அவள் தட்டை எடுத்து வந்து சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அடுப்படிக்குப் போகவில்லை, எதிரே உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல் தடவை அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அலியார் ரெண்டாவது கவளத்தை எடுத்தார். அவள் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் குரல் உடைந்துவிடும், உடைந்தால் அது பதிலாகிவிடும். சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

"இந்தா," என்றார். "கொஞ்சம் தண்ணி குடு."