தொம்மை அந்தோணி என்று ஒருவர் இல்லை

எடைமேடைச் செல்லையா அண்ணாச்சி இறந்த செய்தி, உப்பு லாரி ஓட்டும் என் மாமா மூலம் வந்தது. "ஏலே, உன்னத் தேடி வருவாரே அந்த ஜமீன் அண்ணாச்சி, போயிட்டாருல" என்றார். நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நடிக்கக்கூடத் தெம்பில்லை.

இந்த நூலைக் கையில் எடுக்கும் உங்களில் பலருக்கு அவர் ஆறுமுகநேரி லாரிகளை நிறுத்தி எடை எழுதிக் கொடுத்தவர். ஓட்டுநரின் எடையும் சரக்கோடு சேர்ந்துவிடும் என்று, அவர் இறங்காமல் எடை எழுத மாட்டார். அதே கையால் ஒரு ஜமீனின் வரலாற்றையும் எழுதினார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அவருடைய முன்னோர் தாமிரபரணிக் கரையில் அந்தச் சிறிய ஜமீனின் நிலத்தில் நெல் பயிரிட்டவர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஜமீன்தார் திடீரென்று இறந்தபோது வாரிசுக்கு வயது ஐந்து. அவன் பெரியவனாகும்வரை ஜமீனைக் கலெக்டர் அலுவலகம் எடுத்து நடத்தியது. முத்துக்குளிப்புக்கு ஜமீன் பேரில் நான்கு தோணிகள் அனுப்பும் உரிமை அதுவரை இருந்தது. பையன் பட்டத்துக்கு வந்தபோது அது போயிருந்தது. "நெலத்தப் பாத்துக்கிடுதோம்னு வந்தவன் கடல எடுத்துட்டுப் போயிட்டாம்டே" என்பார் அண்ணாச்சி.

அந்தத் தோணிகளில் போய் முத்துக் குளித்தவர்களின் வாரிசுகளைத் தேடித்தான் போன வருடம் திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கடலுக்குப் போயிருந்தார்.

"ஜமீன் வரலாறு எழுதுதேன்" என்றார்.

"ஜாமீன் வரலாறுன்னா எங்க தெருவுலயே நாலு பேரு இருக்காவ" என்றேன்.

சிரிக்காமல் நோட்டைத் திறந்தார். சிரித்திருந்தால் அதோடு விட்டிருப்பேன்.

"எங்க பூட்டனுக்குப் பூட்டன் முத்துக் குளிச்சவரு. அந்தச் சின்ன ஜமீன்தாரு ஒருநாள் கடல் பாக்க வந்தாரு. பூட்டன் அவரத் தோள்ல தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள போயி, ஒரு சிப்பிய எடுத்துக் கையில குடுத்தாரு. அதப் பாத்த தொர, 'எவனக் கேட்டுக் குடுத்த?'ன்னு அவரத் தொழில விட்டே வெலக்கிட்டான்."

"அவரு பேரு?"

எதிரே கரையேற்றியிருந்த வள்ளத்தின் பெயரை வாசித்தேன். "தொம்மை அந்தோணி."

"நல்ல பேருடே" என்று எழுதிக்கொண்டார். சாயங்காலம் நண்பர்களிடம் சொல்லி உருண்டு சிரித்தேன்.

அடுத்த முறை வந்தபோது அவர் கால் வீங்கியிருந்தது. தொம்மை அந்தோணியைத் தேடித் திருநெல்வேலி ஆவண அறைக்கு மூன்று முறை போயிருக்கிறார். பிறகு சென்னை, முன்பதிவில்லாத பெட்டியில் நின்றபடியே.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு அலச்சல்? விடுங்க."

"ஒரு மனுசன் சோத்த இழந்திருக்கான். அவம் பேரு ஒரு தாள்லயாவது இருக்காதா? ஒம் பூட்டன நீயே விடச் சொல்லுதியே, வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது, வேறு காரணத்துக்கு. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "சர்பத் குடிக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அவர் மகள் செண்பகம் அக்கா என்னைக் கூப்பிட்டார். நோட்டுகளை நூலாக்குகிறார்கள், முன்பக்கத்தில் நானும் எழுத வேண்டுமாம். கையெழுத்துப் பிரதியைக் காட்டினார். தொம்மை அந்தோணிக்கு ஒன்பது தாள். கடைசி வரி: "ஆவணம் கிடைக்கவில்லை. சொன்ன பையனை நம்பி எழுதுகிறேன்."

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"நாங்க எல்லாரும் அதத்தாம்ல திரும்பத் திரும்ப வாசிச்சோம். மத்ததெல்லாம் வரியும் தீர்வையும். இத எழுதுகையிலதான் அப்பா சிரிச்ச மொகமா இருந்தாவ. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருந்துட்டுப் போகட்டுமே?"

எனக்கு அதுதான் வசதி. புத்தகத்தில் ஒரு பூட்டன் கிடைப்பார், திட்டும் கிடைக்காது. ஆனால் நான்கு தோணிகளின் உரிமை பறிபோனது நிஜம். அதற்கு அண்ணாச்சி தாள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். என் பொய் பக்கத்தில் நின்றால், நாளைக்கு எவனாவது அதையும் கதை என்பான்.

"எடுத்திருங்க அக்கா" என்றேன்.

ஒன்பது தாளையும் உருவி என் கையில் கொடுத்தார். "நீ சொன்னதுதான. நீயே வச்சுக்க." வாசல்வரை வரவில்லை.

அண்ணாச்சி வாயால் அந்தக் கதையைக் கேட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதை இனி யாருக்கும் சொல்ல வேண்டாம். அவரைத் தப்பு சொல்லவும் வேண்டாம்.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை அந்தத் தாள்கள்தான். ஒன்பதாவதின் பின்புறம், "இன்னும் தேட வேண்டியவை" என்று ஐந்து அலுவலகங்களை எழுதி, இரண்டை அடித்திருக்கிறார். மூன்று பாக்கி.

போக வேண்டாம் அண்ணாச்சி. அங்கேயும் அவர் இல்லை.