சண்டை போடத் தெரியாத தம்பதி

போன புதன்கிழமை திருநெல்வேலிக் கோர்ட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி கேஸ் தள்ளுபடி ஆயிற்று. கேஸ் போட்ட புருஷன் தோற்றுப் போனான். அப்படியானால் பெண்டாட்டி ஜெயித்திருக்க வேண்டுமல்லவா? அதுதான் இல்லை... அவளும் தோற்றாள். இரண்டு பேரும் வராந்தாவில் நின்று திருதிருவென்று முழித்தார்கள்.

நான் அங்கே போனது வேறு காரியமாக. ஆனால் சங்கரன்கோவிலில் என் பக்கத்து வீட்டு வக்கீல்தான் அவர்களுக்கும் வக்கீல். அவர்கள் முதன்முதலில் வந்த அன்று, நான் அவர் வீட்டில் ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் விஷயம் முழுக்கத் தெரியும்.

வேலுச்சாமிக்குக் குருவிகுளம் பக்கம் கரிசல் நிலம். கோமதி பிறந்தது திருவேங்கடம். கல்யாணமாகிச் சில வருஷம் சேர்ந்திருந்தார்கள். அடிதடி கிடையாது, குடி கிடையாது, மாமியார் கொடுமை கிடையாது. ஒட்டவில்லை — அவ்வளவுதான். ஒருநாள் உட்கார்ந்து பேசினார்கள். அவனே வண்டி கட்டி அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டான். அதற்கப்புறமும் அவள் அப்பா சீக்காய்க் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான்.

முன்பெல்லாம் இதற்குக் கோர்ட் எதற்கு? அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வான். முதல்காரி அப்பன் வீட்டு மூலையில் காலம் தள்ளுவாள். ஐம்பத்தைந்தில் புது இந்துக் கல்யாணச் சட்டம் வந்து அதை நிறுத்திவிட்டது. நல்ல சட்டம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆடு மேய்க்கிற சனங்கள் ஊர்க்கூட்டத்தில் துரும்பைக் கிள்ளிப் போட்டுக் கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்வார்கள். இவர்கள் சாதியில் அந்த வழக்கமும் இல்லை. ஆக, கோர்ட்தான் கதி.

அவசரம் கோமதிக்குத்தான். கோவில்பட்டி மில்லில் ஒருவர், மனைவியை இழந்தவர், இவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறார். இவளுக்கும் பிடித்திருக்கிறது. வேலுச்சாமியே போய் அவரைப் பார்த்து, நல்ல மனுஷன் என்று வந்து சொன்னானாம்! இப்படி ஒரு புருஷனைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

தப்பு யார் மேலே என்று கேட்டார் வக்கீல். யார் மேலேயும் இல்லை என்றார்கள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். சட்டப்படி ஒருவராவது தப்புச் செய்திருக்க வேண்டுமே! அடித்தான் என்று எழுதட்டுமா என்றார். கோமதி மாட்டவே மாட்டேன் என்றாள். அவள் நடத்தையைப் பற்றி ஏதாவது... என்று இழுத்தார். வேலுச்சாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டான். கடைசியில், அவள் அவனைக் கைவிட்டுப் போய்விட்டாள் என்று எழுதினார்கள். அதற்கே இருவருக்கும் அரைமனசு. அதிலும் நேராக விவாகரத்து கிடையாது. முதலில் பிரிந்து வாழத் தீர்ப்பு, பிறகு இரண்டு வருஷம் காத்திருப்பு, பிறகு இன்னொரு மனு. மில்காரர் அதற்கும் சரி என்றார்.

வக்கீல் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார் — கோமதி கோர்ட் பக்கமே வரக்கூடாது.

வந்தாள். வேலுச்சாமியோடு, அதே பஸ்ஸில். தன் வாழ்க்கைக் காரியத்துக்குத் தானே போகாமல் இருப்பதா என்று அவள் நினைத்தாள். தப்பா அது? வராந்தா பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவன் வடை வாங்கி வந்து அவளுக்குக் கொடுத்தான். தள்ளி உட்காருங்கள் என்று வக்கீல் தூரத்திலிருந்து ஜாடை காட்டினார். பாவம், அவருக்குப் பசி போலிருக்கிறது என்று அவன் ஒரு வடையோடு அவரிடம் போனான்!

ஜட்ஜ் நல்ல மனிதர். பெண் வந்திருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்போம் என்று கூப்பிட்டார். நீயாகத்தான் புருஷனை விட்டுப் போனாயா என்றார்.

"அவுகதான்யா கொண்டாந்து விட்டாக. ரெண்டு பேரும் பேசித்தான் பிரிஞ்சோம். அவுக மேல ஒரு குத்தமும் கிடையாது" என்றாள் கோமதி.

தீர்ந்தது. இருவரும் கூடிப் பேசிக்கொண்டு வந்தால் கேஸ் செல்லாது — அதுதான் சட்டம். ஜட்ஜ் வருத்தத்தோடுதான் சொன்னார்.

எனக்கு வயிறு எரிகிறது. ரிஜிஸ்தர் கல்யாணம் செய்தவர்கள் இருவரும் சம்மதித்து மனுப் போட்டுப் பிரிய வழி வைத்திருக்கிறார்கள். மேளம் கொட்டிக் கட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் அது ஏன் இல்லை? பயமுறுத்தியே பெண்ணிடம் சம்மதம் வாங்கிவிடுவார்கள் என்கிறீர்களா? நியாயமான பயம். ஜட்ஜ் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்கட்டும். யோசிக்க அவகாசம் கொடுக்கட்டும். அதற்காக, உண்மை பேசுகிறவர்களைத் திருப்பி அனுப்புவதா?

பஸ் ஸ்டாண்டில் கோமதி அழுதாள். மில்காரர் இரண்டு வருஷம் காத்திருக்கலாம். முடிவே தெரியாமல் எத்தனை காலம் காத்திருப்பார்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வக்கீலைக் கேட்டாள்: "ஏன்யா, இவுக என்னைய அடிச்சிருந்தா இந்நேரம் விட்டிருப்பாகளா?"

விட்டிருப்பார்கள் என்றார் வக்கீல்.

அவள் வேலுச்சாமி பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஒரு அடி அடிச்சிருக்கலாம்லா நீங்க..."