கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி

எங்கள் வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு எட்டுக்கால் பூச்சி குடியிருந்தது. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வலை பின்னாது. ஈயைக் கண்டால் பூனை மாதிரிப் பதுங்கிப் பாயும். பொட்டு வைக்கப் போனால் முகத்தைத் திருப்பி நம்மையே பார்க்கும். அது வெள்ளையாய்க் கூடு கட்டி முட்டையிட்டது. ஒட்டடை ஒரு இழைகூட இல்லாமல் வீடு வைத்திருக்கிறவள் நான். மாடியில் குடியிருந்த கல்லூரி விலங்கியல் டீச்சர் கேட்டதால் அதை மட்டும் விட்டுவைத்தேன்.

"இந்த வகையில ஆண் பூச்சியத்தாம்மா பாத்து எழுதிருக்காங்க. பொட்டையப் பத்தி ஒரு வரி கெடையாது. பொரிக்கிற வரைக்கும் கலைச்சுராதீங்க" என்றது அந்தப் பிள்ளை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஆம்பளையை எழுதிவிட்டுப் பொம்பளையை விட்டுவிடுவது எங்கேதான் இல்லை?

இதற்குள் என் வீட்டுக்காரருக்கு மேலுதடும் கிருதா ஓரமும் தடித்துக் கொப்பளித்துவிட்டது.

"ஒன் பூச்சிதான்டி மோண்டுருச்சு. இது அக்கி" என்றார்.

எட்டுக்கால் பூச்சி மோண்டால் அக்கி வரும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அக்கி வந்தால் பானை செய்யும் வேளாரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்கள். இவரும் தாடிக்கொம்புக்குப் போய் எழுதிக்கொண்டு வந்தார். கன்னத்தில் ஒரு சிங்கம், அதன் வால் மீசைக்கு மேலே. வந்ததும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் நடந்தார். டீச்சர் மாடிப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

"செத்த நில்லுங்க" என்றேன். "மூக்குல மோளல, நெத்தியில மோளல. நரச்ச எடமாப் பாத்து மோண்டுருக்கே, பூச்சிக்கு அம்புட்டு வெவரமா?"

"என்னடி சொல்ற?"

பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன். "பழனிக் கல்யாணத்துக்குப் போகணும்னு கதவச் சாத்திக்கிட்டு டை அடிச்சீகளே, அதச் சொல்றேன். சத்தமாச் சொல்லவா?"

விளக்குமாறு மெல்லக் கீழே இறங்கியது. மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தார்.

"வாயில்லாச் சீவன், பிள்ளைத்தாய்ச்சி. இருந்துட்டுப் போகட்டும் டீச்சர்" என்று அவரே பெருந்தன்மையாய் அறிவித்தார்.

ஒரு காலையில் குஞ்சுகள் வெளியே வந்தன, எள்ளு எள்ளாய். டீச்சர் படமெடுக்க டார்ச் பிடித்தது அவர்தான். நானும் எட்டிப் பார்க்கப் போனேன்.

"ஏய், பாத்து. மிதிச்சுக் கிதிச்சுத் தொலைச்சுராத" என்று என்னை விரட்டினார்.