எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால்

"பொண்ணு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறா" என்பாள் சனா, சலமிய்யா ஊரில் மகளைப் பற்றி யார் கேட்டாலும். சம்பளம் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிடுவாள். சம்பளம் எங்கிருந்து வரும்! ஓர் இணையதளம் கணக்குகளைக் கொடுக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் அவற்றைத் தீர்க்கும் புரோகிராமை எழுதி அனுப்ப வேண்டும். தீர்த்தால் ரேட்டிங் ஏறும், திணறினால் இறங்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காக ருபா மூன்று வருஷமாக உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கூட இன்னும் மூன்று பேர். நவார், தய்ம், லுஜைன். நான்கு பேரும் ஒரே பல்கலைக்கழகம், ஆனால் வெவ்வேறு ஊர். மாலையானால் அவரவர் வீட்டில் மத்தே தேநீர்க் கோப்பையும் உறிஞ்சு குழலுமாக உட்கார்ந்து ஃபோனில் ஒன்றுகூடுவார்கள். குழுவில் ஒரு சட்டம் இருந்தது: யாருக்கும் விடை சொல்லக் கூடாது, தப்பு எந்த வரியில் என்றும் காட்டக் கூடாது. அந்தப் புரோகிராமை உடைக்கிற ஒரே ஒரு சின்ன உதாரணத்தை மட்டும் கொடுக்கலாம். அதற்கு 'ஒரு உறிஞ்சு' என்று பெயர்.

"ஒரு உறிஞ்சு குடுங்கடா, செத்துடுவேன்" என்று நவார் கெஞ்சுவான்.

"சைபர் குடுத்துப் பாரு" என்பாள் ருபா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. இப்படி மற்றவர்கள் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நாடு முழுக்கக் கல்லூரிகள் மோதும் போட்டி அந்த வருஷம் லதாக்கியாவில். அணிக்கு மூன்று பேர். நவாரும் தய்மும் ஏற்கெனவே உள்ளே. மாதக் கடைசியில் ருபா, லுஜைன் இரண்டு பேரில் யார் ரேட்டிங் அதிகமோ, மூன்றாவது இடம் அவளுக்கு. லுஜைனுக்கு அடுத்த வருஷமும் உண்டு. ருபாவுக்கு இதுதான் கடைசி. அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும்.

மாதத்தின் கடைசி இணையப் போட்டி ஐந்தரைக்குத் தொடங்கியது. ஆறே காலுக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. ருபா ஃபோனை எடுத்தாள். புரோகிராமை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்க வேறொரு தளம் உண்டு. அதில் கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதினாள். நீங்கள் எழுதுவதை ஊரே பார்க்கலாம் என்று அந்தத் தளம் தானாகவே ஒரு டிக் போட்டு வைத்திருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் அவள் எடுக்கவில்லை. கரண்ட் இருக்கிற ஊர்க்காரனுக்கு இந்தத் தலைவலியே இல்லையே!

நான்காவது கணக்கு சரி என்று பச்சையில் வந்தபோது அவள் போட்ட கூச்சலில் சனா மெழுகுவத்தியோடு ஓடிவந்தாள். ரேட்டிங் 1612. லுஜைன் 1570.

"சீட்டு உனக்குத்தான்டீ கழுதை!" என்று லுஜைனே முதலில் கத்தினாள்.

இரண்டாம் நாள் கடிதம் வந்தது. உங்கள் புரோகிராமும் இன்னொருவர் புரோகிராமும் ஒன்றாக இருக்கின்றன, உங்கள் விடைகள் ரத்து. அந்த இன்னொருவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பொதுவில் கிடந்ததை எடுத்து அப்படியே அனுப்பியிருக்கிறார். ருபா நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதினாள். பதில் இரண்டே வரி: புரோகிராமைப் பாதுகாப்பது உங்கள் பொறுப்பு. முடிவு மாறாது. ரேட்டிங் 1504.

அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் வஹீப் அவளை உட்காரச் சொன்னார். "நீ அப்படிப்பட்ட பொண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும்மா."

"நீங்க ஒரு வார்த்தை எழுதினா போதும், உஸ்தாத்."

"எழுதினேன்மா." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அதே இரண்டு வரி. "நம்பரைத்தான் நான் மேல அனுப்ப முடியும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

ருபா எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

"நான் போகலடீ" என்றாள் லுஜைன்.

"போடீ பைத்தியம். நீயும் போகலன்னா எவனோ ஒருத்தன் போய் உக்காருவான்."

லதாக்கியாவில் போட்டி நடந்த அதே ஐந்து மணி நேரம், வெளியாட்களும் இணையத்தில் அதே கணக்குகளைப் போடலாம். ருபா வீட்டில் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. என்ன திமிர் அதற்கு!

ஆறாவது கணக்கு முதல் தடவை அவளுக்கும் தப்பென்றே வந்தது. கொஞ்சம் யோசித்தாள். பட்டியலில் எல்லா எண்ணும் ஒன்றாக, ஒரே எண்ணாக இருந்தால் புரோகிராம் உடைகிறது. ஒரு வரி சேர்த்தாள், சரியாகிவிட்டது. பிறகு ஸ்கோர்போர்டைத் திறந்தாள். லுஜைன் போயிருந்த அணி நான்காவது இடம். மூன்று அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. அவர்களுக்கு ஆறாவது கணக்கில் மூன்று தடவை தவறு. கடைசி ஒரு மணி நேரம் முடிவுகளை மறைத்துவிடுவார்கள், எத்தனை முறை அனுப்பினார்கள் என்பது மட்டும் தெரியும். நான்கு. ஐந்து.

"ஐயோ, அதுதான்டா, அதேதான்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஜெயிக்கிறாங்களாம்மா?" என்றாள் சனா.

"தெரியலம்மா."

ஃபோன்களை வாசலிலேயே வாங்கிப் பையில் போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். போட்டி நடுவே சொல்லிக்கொடுப்பது திருட்டு என்றும் தெரியும். செய்யாத திருட்டுக்குத் தண்டனை வாங்கியவள் இப்போது நிஜமாகவே அதைச் செய்தாள். குழுவைத் திறந்து எழுதினாள்: "எல்லா எண்ணும் ஒண்ணா இருந்தா?"

ஒற்றை டிக்.

ஆறு. ஏழு. எட்டு. நேரம் முடிந்தது. மறைத்த முடிவுகளைத் திறந்தார்கள். நான்காவது இடம்.

அரை மணி கழித்து இரண்டாவது டிக் விழுந்தது. லுஜைன் எழுதினாள்.

"மூணு பேரும் ஒரு மணி நேரமா இதைத்தான்டீ தேடினோம்."