நல்லம்மாள் போட்ட மறுபூசை

நல்லம்மாளுக்கு வாய் பெரிது. அதை அவளே ஒப்புக்கொள்வாள். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடியபோது, துரையின் பங்களா வாசலில் போய் நின்றுகொண்டு, பால் வெட்டின கைக்கு வேறு வேலை கொடு, இல்லாவிட்டால் நிலமாவது கொடு என்று கேட்ட ஒரே பெண்பிள்ளை அவள்தான். துரைக்குத் தமிழ் அரைகுறை. அவள் கத்தியதில் பாதிகூட அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும், மலாயாவின் ஈப்போவுக்கு வெளியே ஓடைக்கரையில் யாருக்கும் ஆகாமல் கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, போய்த் தொலை என்று கையை வீசிவிட்டான். அந்த நிலத்தில்தான் நல்லம்மாள் வெற்றிலைக்கொடி போட்டாள். புருஷன் மாயாண்டி தண்ணீர் ஊற்றினான், பந்தல் கட்டினான். பேசுகிற வேலையை மட்டும் முழுக்க அவளிடமே விட்டுவிட்டான்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்துக் கதை. அதற்குள் ஈப்போவிலிருந்து தாப்பா வரைக்கும், நல்லம்மாள் வெற்றிலை என்றால் எந்த விசேஷ வீட்டிலும் தனி மதிப்பு வந்திருந்தது. வாரம் மூன்று நாள் கூடைகளை மோட்டார் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அவளும் ஏறிவிடுவாள். காம்பார் தாண்டுவதற்குள் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருடைய குடும்பக் கதையும் அவளுக்கு அத்துப்படி.

அந்த ஐப்பசியில் ஒரு கல்யாணத் தாம்பூலத்துக்கு வெற்றிலை கொடுக்கும் பொறுப்பு அவளுக்குக் கிடைத்தது. தாப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர்களை வேலை வாங்குகிற கங்காணி பத்துமலையின் மகளுக்குக் கல்யாணம். கங்காணியின் பெண்சாதி செல்லாயியும் நல்லம்மாளும் ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்து வீட்டு வரிசையில் குடியிருந்தவர்கள். உன் மகள் கல்யாணத்துக்கு என் கையால் கிள்ளின வெற்றிலைதான் என்று நல்லம்மாள் பெரிதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். வேறு எங்கும் சொல்லிவைக்க வேண்டாம் என்று அடித்துச் சொல்லியும் இருந்தாள். வாக்கு என்றால் அவளுக்கு வாக்குதான். அதில் விளையாட்டே கிடையாது.

ஆயுத பூசை முடிந்த மறுநாள் அவள் வெற்றிலையைக் கிள்ளி, வாழைமட்டையில் கட்டி, கூடைகளில் அடுக்கி, பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தாள். பஸ் வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. சரி, பூசை மயக்கம், நாளைக்கு வருவார்கள் என்று திரும்பிப் போனாள். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் பஸ் இல்லை. மறுநாள் காலையிலோ முகூர்த்தம்.

ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ரயில் தோட்டத்துக்குள் போகாதே! ஸ்டேஷனில் இறங்கி நான்கு கூடையை எந்தத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள்? மாட்டுவண்டியில் போட்டால் வெயிலில் வெந்து, கல்யாண வீட்டுக்குச் சருகுதான் போய்ச் சேரும்.

ஊரோ இரண்டுபட்டுக் கிடந்தது. கொழுப்பெடுத்த டிரைவர்கள் என்று கடைக்காரர்கள் திட்டினார்கள். மாட்டுவண்டிக்காரர்கள் இந்தப் பூசை தீபாவளி வரைக்கும் நடக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகவேண்டியிருந்த நவமணி வாத்தியார், மனுஷன் மாடில்லையே, டிரைவரும் கொஞ்சம் மூச்சுவிடட்டும் என்றார். அப்படிச் சொன்னவரே ஒரு மைல் நடந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டிரைவர்களை ஏசினார்.

விஷயம் இதுதான். வேலைநிறுத்தம் என்று வாயைத் திறந்தால் போலீஸ் வரும், அதிகம் பேசினால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஐந்து டிரைவர்களும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஆயுத பூசைக்கு வைத்த பொருளை, மறுபூசை போட்டு எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது அல்லவா? அவர்கள் பஸ்களைப் பூசைக்கு வைத்தார்கள். மறுபூசையைப் போடவில்லை. அவ்வளவுதான்! பஸ்களின் முதலாளியான லியோங் தவுக்கே சீனர். ஆனால் பஸ் கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் முனீஸ்வரனுக்கு வருஷம் தவறாமல் ஊதுபத்தி கொளுத்துகிறவர். ஒரு வருஷம் மறந்துபோனார், அந்த வருஷமே ஒரு பஸ் ஆற்றில் இறங்கியது. அன்றுமுதல் அவருக்குப் போலீஸைவிட முனீஸ்வரனிடம்தான் பயம். வேறு ஆளை வைத்து வண்டியை எடுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

நல்லம்மாள் கூடைகளையும் மாயாண்டியையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பெரிய டிரைவர் சன்னாசியை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டே வந்தாள்.

போய்ப் பார்த்தால் அங்கே திருவிழா! பூசை முடியவில்லையாம், சாமி பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதாம் என்று எப்படியோ தோட்டங்களுக்குச் செய்தி போயிருந்தது. சனங்கள் பழமும் தேங்காயுமாக வந்து குவிந்துவிட்டார்கள். ஒருத்தி பிள்ளைவரம் கேட்டு பஸ் விளக்கில் தொட்டில் கட்டியிருந்தாள். இன்னொருவன் சேவலோடு நின்றான். டிரைவர்கள் எவ்வளவு சொல்லியும் யாரும் கேட்பதாக இல்லை. நல்லம்மாள் கூடையைப் பார்த்ததும் சாமிக்கு வெற்றிலை கொடு என்று பத்துக் கைகள் நீண்டன. அது கல்யாண வெற்றிலை, கை வைத்தால் விரலை ஒடிப்பேன் என்று ஒரு சத்தம் போட்டாள். கைகள் பின்வாங்கின.

சன்னாசி தலையைக் குனிந்து நின்றான். அவள் அவனைத் திட்டிய திட்டில் அந்தச் சேவலே வாயை மூடிக்கொண்டது. மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அதைப் பார்த்தாள். பூசைப் பொருள்களுக்கு நடுவே, ஸ்பானருக்கும் எண்ணெய்க் குவளைக்கும் பக்கத்தில், ஐந்து கோணிச் சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ.

“சாக்குக்கு எதுக்குடா பூ?”

“அதுவும் எங்க ஆயுதந்தான் அக்கா. பயணிக்குத்தான் கூரை இருக்கு, டிரைவருக்கு இல்லலா. மழை வந்தா சாக்கைப் போத்திக்கிட்டுத்தான் ஓட்டுறோம்.”

நல்லம்மாள் பஸ்ஸை ஏதோ புதிதாகப் பார்ப்பவளைப் போல் பார்த்தாள். உண்மைதான். கூரை டிரைவரின் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் ஆரம்பித்தது. இத்தனை வருஷம் ஏறி இறங்கியிருக்கிறாள், கண்ணில் படவே இல்லை. சன்னாசி மெதுவாக மற்றதையும் சொன்னான். விடியுமுன் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் இறக்கம், வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லை. நனைந்து நனைந்து ஜெயபாலனுக்குக் காய்ச்சல் கண்டு படுத்தபோது, அன்று சாயங்காலமே அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கேட்கப் போனால் பிடிக்காதவன் போகலாம் என்கிறார் தவுக்கே. அவளுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதே சமயம் கூடைக்குள் வெற்றிலை வாடிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் லியோங் தவுக்கே வந்தார். மூன்று நாளாக அவர் ஊரெல்லாம் அலைந்து, மறுபூசை போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடைவீதிப் பெத்தபெருமாள் செட்டியார், வைத்தவர்கள்தான் எடுக்கவேண்டும், எனக்கெதற்கு வம்பு என்று கையைக் கழுவிவிட்டார். மற்றவர்களும் நழுவிவிட்டார்கள். வருஷாவருஷம் தீ மிதிக்கிற நல்லம்மாளைக் கண்டதும் தவுக்கேக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீ தேங்காயை உடை, ஈயச் சுரங்கத்து லாரி டிரைவர் ஒருவன் தயாராக இருக்கிறான், முதல் பஸ்ஸில் உன்னையும் கூடைகளையும் கல்யாண வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றார்.

மாயாண்டி பெண்சாதியைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். செல்லாயிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், பூ வைத்த சாக்கு ஒரு பக்கம். நல்லம்மாள் ஒரு நிமிஷம் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். சுண்ணாம்புமலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“சரி, குடுங்க தேங்காய. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு தவுக்கே.”

முறை என்ன என்று அவர் கேட்டார். வண்டியின் சொந்தக்காரர் வண்டி ஓட்டுகிற இடத்தில் உட்கார வேண்டும், பின்னால் சூடம் ஏற்றுவோம், சூடம் அணைகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, அதற்குப் பிறகுதான் தேங்காய் என்றாள். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. அப்படியொரு முறையை மாயாண்டி பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. சன்னாசியும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எல்லாரும், ஆமாம், அதுதானே முறை என்று தலையை ஆட்டினார்கள்.

கொட்டகைக்கு வெளியே நின்ற முதல் பஸ்ஸில் தவுக்கே பட்டுச்சட்டையோடு ஏறி டிரைவர் இடத்தில் உட்கார்ந்தார். நல்லம்மாள் அவருக்குப் பின்னால் கூரைக்கடியில் தட்டை வைத்தாள். சந்தனம் குழைத்தாள். இத்தனை நிதானமாக அவள் சந்தனம் குழைத்து யாரும் பார்த்ததில்லை. ஸ்டியரிங்குக்குப் பொட்டு, ஹாரனுக்குப் பொட்டு, தவுக்கே நெற்றிக்கும் ஒரு பொட்டு. முதல் தூறல் விழுந்த பிறகுதான் சூடத்தைக் கொளுத்தினாள்.

ஐப்பசி மாசத்து ஈப்போ மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டியது. சனங்கள் கொட்டகைக்குள்ளும் பஸ் கூரைக்கடியிலும் முண்டியடித்து ஒதுங்கினார்கள். தவுக்கே மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தார். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சூடம் அணைகிற மாதிரி இருந்தது. நல்லம்மாள் இன்னொரு கட்டியைப் போட்டாள். அவளிடம் இருந்தது தீர்ந்தது. பின்னாலிருந்து யாரோ ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். பிறகு கைமாறிக் கைமாறிச் சூடம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைவரம் கேட்டு வந்தவள் கொண்டுவந்ததையெல்லாம் கொடுத்தாள். டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருவர், தன் கடைக்கு ஓடிப்போய் ஒரு டப்பாவே எடுத்துவந்தார். அவர் சட்டையும் தொப்பலாக நனைந்துவிட்டது, ஆனால் சிரிப்பு மட்டும் அடங்கவில்லை. நவமணி வாத்தியார் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“நல்லம்மா,” என்று தவுக்கே திரும்பாமலே மலாயில் கேட்டார். “சூடம் ஹாபிஸ்?”

“பெலும் தவுக்கே.” இன்னும் முடியவில்லை என்று பணிவாகச் சொன்னாள்.

சாக்கு வேண்டுமா என்று சன்னாசி மரியாதையாகக் கேட்டான். பூ வைத்த சாக்கு ஒன்றை எடுத்து நீட்டவும் செய்தான். தவுக்கே அந்தச் சாக்கைப் பார்த்தார். சன்னாசியைப் பார்த்தார். மனுஷன் வெறும் கையோடு சீனாவிலிருந்து வந்து ஐந்து பஸ் வாங்கியவர், அவ்வளவு லேசில் ஏமாறுகிறவரா? எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு பெரிய தும்மல் தும்மினார். பிறகு தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் அடக்கிவைத்திருந்த கூட்டம் முழுக்க வெடித்துச் சிரித்தது. எனக்குத் தெரிந்து ஒரு ஸ்டிரைக் அப்படிச் சிரிப்பில் முடிந்ததில்லை.

சிரித்து முடித்து, கையை நீட்டி, எரிகிற சூடத்தைத் தானே அடித்து அணைத்தார். தமிழர்கள் சத்தியம் செய்வதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஐந்து வண்டிக்கும் முன்பக்கம் கூரை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஜெயபாலனுக்குத் திரும்ப வேலை. சொல்லிவிட்டு எழுந்து, நனைந்த சட்டையைப் பிழிந்தபடி, இப்போதாவது அந்தத் தேங்காயை உடைக்கச் சொன்னார். நல்லம்மாள் தேங்காயைச் சன்னாசி கையில் கொடுத்தாள். அவன் உடைத்தான். கண் கலங்கிப்போய் அவன் உடைத்ததில், சில்லு அவன் கன்னத்திலேயே தெறித்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் நான்கு கூடையும் தாப்பாத் தோட்டத்துக் கல்யாண வீட்டு வாசலில் இறங்கின. செல்லாயி மூன்று நாளாக அழுது வீங்கின முகத்தோடு ஓடிவந்து நல்லம்மாளைக் கட்டிக்கொண்டாள். வெற்றிலை ஓரம் லேசாகத்தான் வாடியிருந்தது, தண்ணீர் தெளித்ததும் நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் தாலி கட்டி, பந்தி முடிந்து, தாம்பூலம் கொடுக்கிறபோது, ஏன் இத்தனை தாமதம் என்று கங்காணி பத்துமலை கேட்டார். கேட்டால் போதாதா? நல்லம்மாள் பந்தலுக்கு நடுவில் நின்று ஆதியிலிருந்து சொன்னாள். தவுக்கே தும்மியதைத் தும்மியே காட்டினாள். பால்வெட்டுக்காரர்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். கங்காணியும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும், கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இருளாயி என்கிற பால்வெட்டுக்காரி கேட்டாள்.

“பால் வெட்டுற கத்திக்கும் நாம பூசை போடுறோமே அக்கா. அதுக்கு மறுபூசையில யாரு மரத்தடியில நிக்கணும்?”

“வேல வாங்குறவங்கதான்,” என்றாள் நல்லம்மாள். “விடியக்காலை இருட்டுல, கொசுக்கடியில, சூடம் அணையுற வரைக்கும்.”

பந்தலில் இருந்த அத்தனை பேரும் மெதுவாகத் திரும்பிக் கங்காணியைப் பார்த்தார்கள். பத்துமலை தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, அதற்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.