அக்பர் அலி பாயின் பைசல்

தாரிக் என்கிற பையன் எனக்கு எண்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டியும் கிடையாது. குட்டியானை வண்டி வாங்க முன்பணம் குறைகிறது என்று கம்பைநல்லூரில் என் மண்டிக்கு வந்து நின்றான், எடுத்துக் கொடுத்தேன். முதல் தவணை கட்டுவதற்குள் தொப்பூர் கணவாயில் செத்துப்போனான்.

நான், இந்தச் சென்றாயன், நாலாம் வகுப்போடு நின்றவன். மொரப்பூர் ரயிலடியில் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். இன்றைக்கு மூன்று லாரி ஓடுகிறது, தேங்காய் மண்டியும் புளி மண்டியும் இருக்கின்றன. ஆளைப் பார்த்துக் கடன் கொடுப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை மிஞ்ச ஒருவனும் இல்லை. தாரிக்கை அப்படிப் பார்த்துத்தான் கொடுத்தேன். அவனை மட்டுமல்ல, அவன் அப்பனையும் பார்த்து.

அப்பன் அக்பர் அலி. தர்மபுரிக்காரர். தகரப் பெட்டி செய்கிற குடும்பம். தகரப் பெட்டியை யாரும் வாங்காமல் போனதும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு தொப்பூர் ரோட்டோரம் வந்து, கூரை போட்டு, லாரிக்கு டிங்கர் வேலை ஆரம்பித்தார். கணவாயில் பிரேக் பிடிக்காமல் விழுந்த லாரி எல்லாம் நசுங்கிய மூஞ்சியோடு அவர் பட்டறைக்குத்தான் வரும்.

"என்ன பாய், நேத்து ராத்திரி ரெண்டு லாரி கவுந்துச்சாமே, உங்க காட்டுல மழை" என்று கேலி செய்வேன்.

"அல்லா மேல ஆணையா லாரி வுழக்கூடாதுன்னுதாண்ணே தினமும் கேக்கறேன். ஆனா எங்கூட்டு அடுப்பு எரியறது அது வுழுந்தாத்தான். நான் என்ன பண்றது?"

வேலை முடிந்து கூலியை வாங்கினால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "பைசல்" என்பார், கணக்குத் தீர்ந்தது என்று. அதற்குமேல் பேச்சு கிடையாது. ஒரு ரூபாய் மிச்சம் இருந்தாலும் அந்தச் சொல் அவர் வாயில் வராது.

மகன் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பதிலாக "செட்டில்" என்பது வந்துவிட்டது. இங்கிலீஷ் படித்தவர்கள் ஒரு சொல்லைப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். நான் இந்தச் சொல்லைக் காசு கொடுத்துப் படித்தவன். என் மாமனார் நிலத்தை எழுதிவைத்தபோது ரிஜிஸ்தர் ஆபீசில் அதற்குப் பெயர் செட்டில்மென்ட். மண்டிக்கு அஸ்திவாரம் போட்ட கொத்தனார், மண் செட்டில் ஆகட்டும், ஒரு மழை போகட்டும் என்று வேலையை நிறுத்தினார். டிரைவர்கள் அடித்துக்கொண்டால் பேசி செட்டில் பண்ணுவதும் நான்தான். குடித்துவிட்டு ஒருவன் இன்னொருவனைப் பார்த்து "உன்னை செட்டில் பண்ணிடுவேன்டா" என்று கத்தியதையும் கேட்டிருக்கிறேன். அக்பர் அலி வீட்டுக்குள் அந்தச் சொல் வந்தது கல்யாணப் பேச்சோடு.

தாரிக்குக்குப் பெண் பார்த்தார்கள். பெண், அவன் அம்மா சுல்தானாவின் அண்ணன் மகள்தான். பெண்ணின் அப்பா ஒரே வார்த்தையில் தள்ளி வைத்தார்: "பையன் இன்னும் செட்டில் ஆவல. அப்பன் பட்டறையில சுத்தி புடிச்சிக்கிட்டு நிக்கறவனுக்கு எப்படிக் குடுக்கறது?" அதைக் கேட்டுத்தான் பையன் சொந்தமாக வண்டி வாங்கக் கிளம்பினான். அப்பனுக்குத் தெரியாமல் என்னிடம் வந்தான். கல்யாணத்துக்குள் கட்டிவிடுகிறேன், அத்தாவிடம் சொல்லாதீங்க மாமா என்றான். நானும் சொல்லவில்லை.

வண்டி பழையது. பின்விளக்குகளை அக்பர் அலியே மாற்றிக் கொடுத்தார். என் தேங்காயைத்தான் ஏற்றிக்கொண்டு சேலம் போனான். கணவாய் இறக்கத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஓரம் கட்டியிருக்கிறான். பின்னால் கிரானைட் கல் ஏற்றி வந்த டாரஸ் லாரி ஏறிவிட்டது. அந்த வண்டியை வெட்டிப் பிரித்து மகனை எடுக்க, போலீஸ்காரர் ஆள் அனுப்பிய இடம் எது என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தில் இரும்பை அறுக்கிற கேஸ் வெட்டு செட்டு இருந்தது அக்பர் அலி பட்டறையில் மட்டும்தான். யார் வண்டி என்று சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போய்த்தான் வெட்டினார்.

அடுத்த நாள் அடக்கம். நான் போயிருந்தேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் அவர்கள் வழக்கம் ஒன்று உண்டு. செத்தவனின் வாரிசு எழுந்து நின்று, இவன் யாருக்காவது கடன் பாக்கி வைத்திருந்தால் இப்போதே சொல்லுங்கள், நான் பொறுப்பு; இல்லை என்றால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். கடன் நிற்கிற வரைக்கும் அந்த உயிர் மேலே போகாமல் தொங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அக்பர் அலி எழுந்தார். கை இரண்டிலும் தீக்காயம். கேட்டார்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிணத்தை வைத்துக்கொண்டு பணத்தைப் பற்றிப் பேசுகிறவன் மனுசனே இல்லை. மன்னித்தேன் என்று சொன்னால்கூட, கொடுத்ததைச் சொல்லிக்காட்டியதாக ஆகிவிடும். எனக்கு எண்பதாயிரம் ஒரு காசா? மனதுக்குள் விட்டுவிட்டேன், வெளியே வந்துவிட்டேன். எங்கள் ஊரில் வேறு எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

கேஸ் நடந்தது. ஸ்டேஷனில் முதல் நாளே, லாரி ஓனரோடு பேசி செட்டில் பண்ணிக்கிறீங்களா என்று கேட்டார்கள். அக்பர் அலி எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் தர்மபுரியில் பிரபாகர் வக்கீலிடம் கூட்டிப்போனேன். இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் நாலு லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்று இன்சூரன்ஸ் தரப்பில் இறங்கி வந்தார்கள். ஆனால் ஒரு கண்டிஷன். பையன் விளக்கு எரியாமல் வண்டியை ரோட்டிலே நிறுத்தினான், தப்பில் பாதி அவனுடையது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு கையெழுத்துதான் பாய். செட்டில்மென்ட்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் குடுக்கறதுதான்" என்றார் பிரபாகர்.

"எம்பையன் செத்தது அவந்தப்புன்னு நான் எழுதிக் குடுக்கணுமா சார்?"

"பாதிதான்."

"லைட்டு நான் மாட்டுனது சார். நான் வெட்டறப்பவும் எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் பாயின் தோளைப் பிடித்து, "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று வெளியே கூட்டிவந்தேன். நாலு லட்சம் என்றால் அவர்கள் குடும்பத்துக்குப் பெரிய பணம். எடுத்துச் சொன்னேன். இரண்டு பஸ் போகும்வரை சொன்னேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த மாதம்தான் கடன் விஷயம் அவர் காதுக்குப் போனது. மண்டிக்கு எதிரே டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து பேசுகையில், செத்த பையனிடம் எண்பதாயிரத்தை விட்டவன் நான், கேட்டேனா என்று சொன்னேன். பொய்யா சொன்னேன்? ஒரு லாரி டிரைவர் அதைக் கொண்டுபோய்த் தொப்பூரில் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் அக்பர் அலி மண்டிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நெசமாண்ணே?"

"அதெல்லாம் எப்பவோ செட்டில் ஆயிடுச்சு பாய். விடுங்க."

"யாரு செட்டில் பண்ணது?"

"நாந்தான். விட்டுட்டேன்."

"எப்ப விட்டீங்க? நான் எழுந்து நின்னு கேட்டப்ப எங்கண்ணே இருந்தீங்க?"

"வாசல்லதான் நின்னேன். சாவு வூட்டுல போயி பணம்னு எப்படிப் பேசறது? நீங்களே சொல்லுங்க."

"அன்னைக்கு விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையெடுத்துக் கும்புட்டு வாங்கியிருப்பேன். எம்பையன் ரெண்டு வருசமா தொங்கிக்கிட்டு இருக்கறான். நீங்க அதை டீ குடிக்கற எடத்துல சொல்லிக்கிட்டு இருக்கறீங்க. டீக்கடையில சொன்னது எனக்கு மன்னிப்பு இல்லண்ணே. பணமாக் குடுத்துடறேன்."

போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. விட்டுக்கொடுத்தவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாரே என்று. வீட்டுக்காரி கோவிந்தம்மாளிடம் சொன்னேன். "அவரு கேட்டதுல என்ன தப்பு? ஊரெல்லாம் சொன்ன நீங்க அவருகிட்ட சொன்னீங்களா?" என்றுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

அந்த வாரம் சுல்தானா போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார்.

"அண்ணே, பட்டறையை வெலை பேசறாருண்ணே. கேஸ் செட்டு, வெல்டிங் மிசினு, கம்ப்ரசர் எல்லாம் போவுது. நீங்கதான் பணம் வேண்டாம்னுட்டீங்களே, அந்த மன்னிப்பை ஏத்துக்கிட்டு தொழிலை வச்சுக்குங்கன்னு கால்ல வுழாத கொறையா சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறாரு. அந்த நாலு லட்சத்துக்காவது கையெழுத்துப் போடுங்கன்னா, மவனை வித்து மவன் கடனை அடைக்கச் சொல்றியான்னு கேக்கறாரு. நீங்க வந்து சொல்லுங்கண்ணே."

போனேன். கூரை மட்டும் நின்றது. சேலத்துக்காரன் ஒருவன் மிசின்களை ஏற்றிக்கொண்டிருந்தான். கேஸ் வெட்டு செட்டை ஏற்றும்போது மட்டும் அக்பர் அலி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், நான் தப்பா நெனைக்கல. இப்ப எல்லார் முன்னாடியும் சொல்றேன், விட்டுட்டேன். போதுமா?"

"நேரம் போயிடுச்சுண்ணே."

"நாளைக்கி என்ன பண்ணுவீங்க?"

"டோல்கேட்டுப் பக்கம் ஓட்டலுக்கு வாட்ச்மேன் கேட்டாங்க. போறேன்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கம்பைநல்லூருக்கு வந்தார். கூடவே பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு பேர். மண்டியில் கூலியாட்கள் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னார். பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள் பாய் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"கையை நீட்டுங்கண்ணே. தாரிக் கடன்னு சொல்லித்தான் குடுக்கணும். வாங்கிக்கிட்டேன்னு நீங்க வாயால சொல்லணும்."

ஆயிரம் ஆயிரமாய் வரவு செலவு பார்த்தவன் நான். எத்தனையோ பேர் கையில் எண்ணி வைத்திருக்கிறேன். ஒருவன் முன்னால் இப்படிக் கையை விரித்துக்கொண்டு நின்றது மூட்டை தூக்கிய காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். எச்சில் தொடாமல், ஒவ்வொன்றாக, தழும்பேறிய விரலால் தள்ளித் தள்ளி வைத்தார். பாதியில் கணக்குத் தப்பியது. திரும்ப வாங்கிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கட்டு கனத்துக்கொண்டே வந்தது. கடைசித் தாளை வைத்து என் விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"வாங்கிக்கிட்டேன்" என்றேன்.